விபத்து நஷ்டஈடு வந்தால் அரசு வீடு போய்விடுமா?

போன ஓணத்துக்கு ஊருக்குப் போயிருந்தப்போ மைனி ஒரு மஞ்சப்பையைக் கொண்டுவந்து என் முன்னால வச்சாங்க. உள்ளே ஒரு தீர்ப்பு நகல், ரெண்டு பாஸ்புக், ஒரு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, இ-சேவை மையத்துல குடுத்த ரசீது.

"தம்பி, இதக் கொஞ்சம் பாருங்க. கேஸ்ல பைசா வந்ததுனால வீடு கெடைக்காதுன்னு சொல்லுகாவ. வந்த பைசா எங்க கெடக்குன்னு அவியளுக்குத் தெரியுமா?"

அண்ணன் (பெரியம்மா மகன்) கொத்தனார். 2018ல வேலை முடிஞ்சு தக்கலையிலிருந்து மார்த்தாண்டம் போற ரோட்டுல பைக்குல வரும்போது பின்னால வந்த டெம்போ இடிச்சு வலது கால் போச்சு. போச்சுன்னா, எடுக்கலை. உள்ளே கம்பி இருக்கு, நடக்கலாம், ஆனா சாரத்துல ஏற முடியாது. வழக்கு அஞ்சு வருஷம் நடந்து 2023ல பணம் வந்தது. மொத்தம் 20 லட்சத்துச் சொச்சம். அவங்க இருக்கிறது ஒரு பக்கம் மண்சுவர் சாஞ்ச ஓட்டு வீடு. இடம் சொந்தம், பட்டா மைனி பேர்ல. பிரதமரின் வீடு வழங்கும் திட்டத்தோட நகர்ப்புறப் பிரிவுக்கு எழுதிப் போட வருமானச் சான்று வேணும். சான்று வாங்கப்போன இடத்துல பாஸ்புக்கைப் புரட்டினவர், "20 லட்சம் வரவு இருக்கே, வருஷ வருமானம் 3 லட்சத்துக்குள்ளன்னு எப்படி எழுதறது?"ன்னு கேட்டிருக்கார்.

கேட்டதும் நியாயமான கேள்வி மாதிரிதான் எனக்கும் பட்டது. பெங்களூர் திரும்பின பிறகு ரெண்டு மாசம் ராத்திரி ராத்திரியா தீர்ப்புகளையும் திட்ட வழிகாட்டு நெறிகளையும் படிச்சேன். நான் வக்கீல் இல்லை, கோட் எழுதிப் பிழைக்கிறவன். ஆனா இந்தக் கேள்விக்குள்ள இருக்கிற தப்பு எங்க தொழில்ல தினமும் பார்க்கிற தப்புதான்.

முதல்ல அந்தத் தீர்ப்போட கணக்குப் பக்கத்தைப் பாருங்க. மோட்டார் வாகன விபத்து வழக்குல தொகையை நீதிபதி மனசுக்குத் தோணின மாதிரி எழுதறதில்லை. 2009ல சரளா வர்மா வழக்குல உச்ச நீதிமன்றம் வயசுக்கு ஒரு பெருக்கு எண் வச்சது. 25 வயசு வரைக்கும் 18, அப்புறம் வயசு ஏற ஏறக் குறைஞ்சுகிட்டே வந்து, 65க்கு மேல 5. அண்ணனுக்கு அப்போ 38. அதுக்கு எண் 15. மாசம் 12,000 ரூபாய் சம்பாத்தியம்னு எடுத்துகிட்டாங்க. 40 வயசுக்குள்ள இருக்கிற, நிரந்தரச் சம்பளம் இல்லாத ஆளுக்கு எதிர்கால உயர்வுக்காக 40 சதவீதம் கூட்டணும்னு 2017ல பிரணய் சேத்தி வழக்குல சொன்னாங்க. அது செத்தவங்க வழக்குக்கு மட்டுமில்லை, காயப்பட்டவங்களுக்கும் உண்டுன்னு 2020ல பப்பு தேவ் யாதவ் வழக்குல தெளிவாச்சு. ஆக மாசம் 16,800. வருஷத்துக்கு 2,01,600. இதுல சம்பாதிக்கிற திறன்ல 40 சதவீதம் இழப்புன்னு முடிவு பண்ணினாங்க. சாரத்துல ஏற முடியாத கொத்தனாருக்கு இழப்பு 40 சதவீதம்தானான்னு கேட்டா எனக்கு ஒப்பலை. மருத்துவச் சான்றுல இருக்கிற சதவீதம் வேற, அந்தத் தொழில் செய்யற ஆளுக்கு உண்டான இழப்பு வேறன்னு 2010லயே ராஜ்குமார் வழக்குல உச்ச நீதிமன்றம் விரிவா எழுதியிருக்கு. அது வேற சண்டை, இப்ப வேண்டாம்.

வருஷத்துக்கு 80,640 ரூபாய் இழப்பு. அதை 15ஆல் பெருக்கினா 12,09,600. இதோட ஆஸ்பத்திரிச் செலவு, வலி வேதனைக்கான தொகை எல்லாம் சேர்த்து 15 லட்சம். வழக்கு போட்ட நாள்லேர்ந்து ஏழரை சதவீத வட்டி, அஞ்சு வருஷத்துக்கு 5,62,500. இப்படித்தான் அந்த 20 லட்சம் வந்தது.

இப்ப அந்த 12 லட்சத்தைத் திரும்பப் பாருங்க. அது பதினஞ்சு வருஷத்துக் கூலியில காணாமப்போன பங்கு, ஒரே நாள்ல குடுத்தது. அதை ஒரு வருஷத்து வருமானம்னு எழுதினா, வருஷம்ங்கிற அலகையே தூக்கிப் போட்டாச்சுன்னு அர்த்தம். எங்க பாஷையில இது டைப் எரர். ஊர்ப் பாஷையில சொல்லணும்னா, கடனுக்குத் தென்னந்தோப்பை வித்தவன்கிட்ட, அந்த விலையை இந்த வருஷத்துத் தேங்காய் வரவுன்னு எழுதிக் கணக்குக் கேட்கிற மாதிரி. அதுலயும் இது 2023ல வந்த பணம், சான்று கேட்டது 2025ல.

சரி, திட்டம் என்ன சொல்லுது? நகர்ப்புறத் திட்டத்தோட இரண்டாம் கட்டம் 2024 செப்டம்பர்ல தொடங்கினது. பொருளாதாரத்தில் நலிந்த பிரிவுன்னா குடும்ப வருஷ வருமானம் 3 லட்சம் வரை. புருஷன், பொண்டாட்டி, கல்யாணம் ஆகாத பிள்ளைகள் சேர்ந்தது ஒரு குடும்பம். இந்தக் குடும்பத்துல யார் பேர்லயும் இந்தியாவுல எங்கேயும் பக்கா வீடு இருக்கக்கூடாது. கடந்த 20 வருஷத்துல வேற அரசு வீட்டுத் திட்டத்துல பலன் வாங்கியிருக்கக்கூடாது. நிபந்தனைகளோட சாரம் இவ்வளவுதான். சேமிப்பு எவ்வளவு இருக்கலாம்னு ஒரு எல்லை இதுல கிடையாது. வருமானத்துக்குத்தான் எல்லை. அதாவது வங்கியில கிடக்கிற முதல் கேள்வியே இல்லை, அதுல வர்ற வட்டிதான் கேள்வி.

வட்டி எவ்வளவு? இங்கதான் மைனி கேட்ட "பைசா எங்க கெடக்கு" வருது. 20 லட்சத்துல 10 லட்சத்தை மூணு வருஷத்துக்கு நிரந்தர வைப்பா வங்கியில போடச் சொல்லி நீதிமன்ற உத்தரவு. வட்டி மட்டும் கைக்கு வரும், முதலை எடுக்க நீதிமன்றத்துல மனுப் போடணும். இந்த வழக்கம் 1993ல சூசம்மா தாமஸ் வழக்குல உச்ச நீதிமன்றம் வகுத்த வழிமுறை. படிப்பறிவு குறைஞ்சவங்க கையில மொத்தமா குடுத்தா மத்தவங்க ஏமாத்திப் பிடுங்கிடுவாங்கன்னு ஒரு அக்கறை. 2012ல ஏ.வி. பத்மா வழக்குல, இதை இயந்திரம் மாதிரி எல்லாருக்கும் பொருத்தாதீங்கன்னு அதே நீதிமன்றம் சொல்லவேண்டி வந்தது. மீதி 10 லட்சம் வக்கீல் கட்டணம், சொந்தக்காரங்ககிட்ட வாங்கின ஆஸ்பத்திரிக் கடன், அஞ்சு வருஷமா அடகுல இருந்த மைனியோட நகைன்னு நாலு மாசத்துல கரைஞ்சுது. ஆக, வீடு கட்ட எடுக்க முடியாத 10 லட்சத்துக்குச் சொந்தக்காரர் அண்ணன். ஏழு சதவீதம்னு வச்சா வருஷத்துக்கு 70,000 வட்டி.

அண்ணன் இப்ப வேலைக்குப் போறதில்லை. மைனி முந்திரி ஆபீஸ்ல பருப்பு உடைக்கப் போறாங்க. (வெளியூர்க்காரங்களுக்கு: எங்க மாவட்டத்துல முந்திரித் தொழிற்சாலையை ஆபீஸ்னுதான் சொல்லுவோம்.) வேலை இருக்கிற மாசம், இல்லாத மாசம் எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 60,000 தேறும். மொத்தம் 1,30,000. 3 லட்சத்துக்குப் பாதி கூட இல்லை.

இதை ஒரு தாள்ல எழுதி, தீர்ப்போட கணக்குப் பக்கத்தையும் வங்கியில வாங்கின வட்டிச் சான்றையும் இணைச்சு மறுபடி எழுதிப் போட்டோம். இந்தத் தடவை சான்று வந்தது. வீட்டுக்கான தடை நீங்கிச்சு. ஆனா அதே சான்றால இன்னொண்ணு போற நிலைமை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு வருமான எல்லை 1,20,000. நாங்க 10,000 ரூபாய் தாண்டிட்டோம். காலுக்குள்ள கம்பியோட இருக்கிற ஆளுக்கு வீட்டை விட அந்த அட்டைதான் முக்கியம்னு நீங்க சொல்லலாம். நானும் சொன்னேன். மைனி பதில் சொல்லலை.

வட்டி விஷயத்துல இன்னொரு கண்ணி இருக்கு. நீதிமன்றம் குடுத்த அந்த 5,62,500 வட்டியை மறந்துடாதீங்க. அசல் நஷ்டஈடு வருமானம் இல்லை, அதுக்கு வரி கிடையாது. ஆனா 1961 வருமான வரிச் சட்டத்துல நஷ்டஈட்டு மேல வர்ற வட்டியைத் தனியா வருமானம்னு வச்சிருந்தாங்க. கைக்கு வந்த வருஷத்துலயே மொத்தமும் வருமானம், அதுல பாதியைக் கழிச்சுக்கலாம்னு இருந்தது. விபத்து வழக்குல வட்டி 50,000 தாண்டினா இன்சூரன்ஸ் கம்பெனி 10 சதவீதம் டிடிஎஸ் பிடிக்கணும்னு இருந்தது. அண்ணனுக்குப் பிடிச்சது 56,250. அதைத் திரும்ப வாங்க ரிட்டன் தாக்கல் பண்ணணும். வரி சுழியம், பணம் முழுசாத் திரும்ப வரும். ஆனா ரிட்டன்ல காட்டற வருமானம், பாதியைக் கழிச்ச பிறகும், 2,81,250. கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கான விலக்குப் பட்டியல்ல, வருஷத்துக்கு 2.5 லட்சத்துக்கு மேல வருமானம் காட்டி வரி ரிட்டன் தாக்கல் பண்ற குடும்பம்னு ஒரு வரி இருக்கு. தன்னோட 56,250 ரூபாயைத் திரும்பக் கேட்கிறதுக்காக மாசம் 1,000 ரூபாயைப் பணயம் வைக்கணும்.

நீதிமன்றம் சீக்கிரம் முடிச்சிருந்தா இந்த வட்டியே இல்லை. தாமதத்துக்கு ஈடாக் குடுத்தது, தாமதமானதாலயே பெருசாகி, ஒரே வருஷத்துல வந்து விழுந்து, ஏழையைக் காகிதத்துல பணக்காரனாக்கிச்சு. 2019ல மும்பை உயர் நீதிமன்றம் ரூபேஷ் ரஷ்மிகாந்த் ஷா வழக்குல இதைப் பிடிச்சது. எட்டு வயசுல அடிபட்ட பையன் ஒருத்தரோட வழக்கு அது. மனுப் போட்ட நாள்லேர்ந்து தீர்ப்பு வரைக்குமான வட்டி நஷ்டஈட்டோட ஒரு பகுதிதான், வருமானம் இல்லைன்னு சொன்னாங்க. நான் படிச்சதுலயே ரொம்ப நேர்மையான தீர்ப்பு அதுதான்.

இதுவரைக்கும் பேசினது பேரூராட்சி எல்லைக்குள்ள இருக்கிற குடும்பத்தோட கதை. எங்க மாவட்டத்துல இது சாதாரண விஷயம் இல்லை. 2011 கணக்கெடுப்புப்படி குமரியில நூத்துக்கு 82 பேர் நகர்ப்புறவாசி. தோப்பும் வாழையும் சானலுமா கிடக்கிற இடத்தைப் பார்த்து யாரும் நகரம்னு சொல்லமாட்டாங்க, ஆனா பேரூராட்சிங்க அம்பதுக்கு மேல இருக்கு. அண்ணன் வீட்டுக்குப் பின்னால ஓடுற சானலைத் தாண்டினா ஊராட்சி. அங்க வேற திட்டம், வேற விதி.

2016ல ஆரம்பிச்ச கிராமப்புறத் திட்டத்துல முக்கியமா வருமானத்தைப் பார்க்கிறதில்லை, பொருளைப் பார்க்கிறாங்க. விலக்குப் பட்டியல்னு ஒண்ணு. முதல்ல 13 அம்சம் இருந்தது: பைக், மீன்பிடிப் படகு, ஃப்ரிட்ஜ், லேண்ட்லைன் போன் கூட உண்டு. குளச்சல்ல கட்டுமரத்துக்கு மோட்டார் வச்சிருக்கிறவரும் பணக்காரர்தான் அந்தப் பட்டியல்படி. 2024ல பட்டியலைத் திருத்தி இந்த நாலையும் எடுத்துட்டாங்க. குடும்பத்துல யாராவது மாசம் 10,000க்கு மேல சம்பாதிச்சா விலக்குன்னு இருந்ததை 15,000 ஆக்கினாங்க. நஷ்டஈடுங்கிற வார்த்தை அந்தப் பட்டியல்ல இல்லை. வைப்பு நிதி இல்லை. ஆனா மோட்டார் வச்ச மூணு சக்கர, நாலு சக்கர வண்டி இன்னமும் இருக்கு.

இதைப் படிச்சப்போ சூசம்மா தாமஸ் தீர்ப்பை மறுபடி எடுத்துப் பார்த்தேன். எழுதப் படிக்கத் தெரியாத மனுதாரருக்கு எப்ப முழுத் தொகையையும் கையில குடுக்கலாம்னு ஒரு பத்தி. பிழைப்புக்கு ஏதாவது பொருள் வாங்கணும்னா குடுக்கலாமாம். உதாரணமா ரெண்டு பொருள் சொல்றாங்க: விவசாயக் கருவி, ரிக்‌ஷா. 1993ல சொன்ன ரிக்‌ஷா இன்னிக்கு ஆட்டோ. சானலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒருத்தர், கால் போன பிறகு பிழைக்க வழிதேடி, நீதிமன்றமே நல்ல காரணம்னு ஒத்துக்கிட்டு விடுவிச்ச பணத்துல ஒரு ஆட்டோ வாங்கினா, வீட்டுத் திட்டத்துல வெளியே போயிடுவார். அந்தப் பணத்தைத் தொடாம வங்கியில போட்டு வச்சவர் உள்ளே இருப்பார். ரெண்டு பேர்கிட்டயும் இருக்கிறது ஒரே பணம். பக்கவாட்டுச் சக்கரம் வச்ச ஸ்கூட்டரை மூணு சக்கர வண்டின்னு ஒருத்தர் எழுதிட்டா என்ன ஆகும்னும் யோசிச்சேன். மாற்றுத்திறனாளிகளுக்கு அந்த ஸ்கூட்டரை இலவசமாக் குடுக்கிறதும் அரசுதான்.

மத்த ஊர்ல என்ன பண்றாங்க? அமெரிக்காவுல அரசு உதவி வீட்டுக்கான விதியில காயத்துக்கான இழப்பீட்டுத் தொகை வருமானக் கணக்குல சேராதுன்னு எழுதியே இருக்கு. அங்க சொத்துக்கும் ஒரு லட்சம் டாலர்னு எல்லை வச்சப்போ, அடுத்தவங்க அஜாக்கிரதையால குடும்பத்துல ஒருத்தர் ஊனமாகி, அதுக்காக வழக்குல கிடைச்ச பணத்தைச் சொத்துக் கணக்குலயும் சேர்க்கக்கூடாதுன்னு ஒரு விலக்கு குடுத்தாங்க. ஆனா அதே நாட்டுல மாற்றுத்திறனாளிக்கான மாத உதவிக்கு 2,000 டாலருக்கு மேல சேமிப்பு இருக்கக்கூடாது. அதனால நஷ்டஈட்டை ஒரு தனி அறக்கட்டளையில போட்டுப் பூட்டி வைக்கிறாங்க. பிரிட்டன்லயும் கிட்டத்தட்ட இதேதான். 16,000 பவுண்டுக்கு மேல இருந்தா உதவி கிடையாது, ஆனா காயத்துக்கான பணத்தை முதல் ஒரு வருஷம் கணக்குல எடுக்கமாட்டாங்க. அதுக்குள்ள அறக்கட்டளையில போட்டுட்டா எப்பவுமே எடுக்கமாட்டாங்க. நம்ம ஊர்ல நீதிமன்றமே பூட்டி வைக்குது, ஆனா பூட்டின பணத்தை எப்படிக் கணக்குல எடுக்கணும்னு திட்டத்துல ஒரு வரி இல்லை. எழுத வேண்டியது அந்த ஒரு வரிதான். அது இல்லாததால பாஸ்புக்கைப் புரட்டுற ஆளோட மனசுக்கு விட்டாச்சு.

நம்ம நீதிமன்றங்கள் இதோட எதிர்த்திசைக் கேள்வியை நல்லாவே அலசியிருக்கு. செத்தவர் குடும்பத்துக்கு ஆயுள் காப்பீட்டுப் பணம் வந்தா நஷ்டஈட்டுல கழிக்கலாமான்னு கேட்டப்போ, 1998ல ஹெலன் ரெபெல்லோ வழக்குல கூடாதுன்னாங்க. அது அவர் கட்டின சந்தாவோட பலன், விபத்துக்குச் சம்பந்தம் இல்லை. ஹரியானா அரசு தன் ஊழியர் குடும்பத்துக்குக் குடுக்கிற, சம்பளத்துக்கு ஈடான உதவியைக் கழிக்கலாம்னு 2016ல சசி சர்மா வழக்குல சொன்னாங்க, ஏன்னா ரெண்டும் ஒரே இழப்பை ஈடுகட்டுது. இந்த உரைகல்லை அப்படியே திருப்பிப் போடலாம். வீட்டுத் திட்டம் ஈடுகட்டுறது ஓட்டு வீட்டை. அந்தச் சுவர் 2018க்கு முன்னாலயே சாஞ்சுதான் இருந்தது. டெம்போ இடிச்சது காலை.

இதே நிலைமையில இருக்கிறவங்களுக்கு நான் கண்ட ஒண்ணு ரெண்டு விஷயம். பணம் வந்ததும் வீட்டை வாங்கிட்டு அப்புறம் திட்டத்துக்கு எழுதிப் போடாதீங்க, பக்கா வீடு வந்த நிமிஷமே வாசல் மூடிடும். இடம் வாங்குறதுல அந்தச் சிக்கல் இல்லை. நகர்ப்புறத் திட்டத்துல சொந்த இடத்துல கட்டிக்கிற பிரிவுக்கு இடம் இருந்தாத்தான் பலனே, ரெண்டரை லட்சம் வரைக்கும் உதவி உண்டு. மாற்றுத்திறனாளி அட்டையை விண்ணப்பத்தோட கட்டாயம் வைங்க, 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வீட்டு ஒதுக்கீட்டுல 5 சதவீத இடம் குடுத்திருக்கு. தீர்ப்பு நகல்ல முதல் பக்கத்தை யாரும் படிக்கிறதில்லை, பெருக்கல் போட்ட பக்கத்தை அடிக்கோடு போட்டு மேல வைங்க.

வருமானச் சான்று ஒரு வருஷத்துக்குத்தான் செல்லும். வைப்பு நிதி வர்ற வருஷம் முதிர்ச்சி அடையுது. போன வாரம் போன்ல அண்ணன் கேட்டார்: "மக்கா, அந்தப் பைசா கைக்கு வந்தா ஒரு பழைய பெட்டி ஆட்டோ வாங்கலாம்னு இருக்கேன், கைப் பிரேக் வச்சு ஓட்டலாமாம். வீட்டுக்கு ஒண்ணும் ஆகாதுல்லா?" நம்ம வீடு சானலுக்கு இந்தப் பக்கம், பேரூராட்சி, இங்க அந்த விதி இல்லைன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "பின்ன சானல வச்சுத்தான் சட்டமா?"ன்னு கேட்டுட்டு வச்சுட்டார்.